வாசகர் கேள்வி-பதில்: பெர்கமான் மலை மாடல்

கேள்வி: பெர்லின்ல பெர்கமான் மியூசியத்தை ரிப்பேர் வேலைக்காக மூடறதுக்கு முன்னாடி குடும்பத்தோட போயிருந்தோம். பழைய பெர்கமான் நகரத்தோட மாடல் ஒண்ணு வெச்சிருந்தாங்க, மலை மேல கோயிலும் மண்டபமும் நெருக்கி நெருக்கி. நிஜமாவே அவ்ளோ சரிவுல கட்டினாங்களா, இல்ல மாடலுக்காக கூட்டி காட்டறாங்களா? - வாசகி, திருச்சி

பதில்: சரிவு நிஜம்தாங்க. துருக்கியில இஸ்மிருக்கு வடக்க பெர்காமாங்கற ஊருக்கு மேல நிக்குது அந்த மலை, உச்சி கடல் மட்டத்துலேர்ந்து 330 மீட்டருக்கு மேல. மாடலைப் பார்த்தா எல்லாரும் தூணைத்தான் பார்க்கறாங்க, ஆனா தூணுக்கு அடியில பாருங்க, வேலையெல்லாம் அங்கதான் நடந்திருக்கு. சமதளமே இல்லாத பாறையில தாங்குசுவர் எழுப்பி தளம் தளமா இடத்தையே உண்டாக்கியிருக்காங்க, ரோமப் பேரரசர் டிராஜனுக்குக் கட்டின கோயிலுக்கு கீழ இருக்கற கல் வளைவுங்க இன்னிக்கும் நிக்குது. தியேட்டர் இன்னும் அதிசயம், சுமார் 10,000 பேர் உக்கார்ற படிக்கட்டு மலைச்சரிவுலயே இறங்குது, மேடை மட்டும் மரம், நாடகம் முடிஞ்சா கழட்டிடுவாங்க, ஏன்னா அந்த இடம்தான் கிரேக்கக் கடவுள் டயோனிசஸ் கோயிலுக்குப் போற வழி. கம்பம் நட்ட குழிங்க இப்பவும் தெரியும்.

ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கங்க, மாடல் காட்டறது கி.பி. 2ம் நூற்றாண்டு. மியூசியத்துக்கே பேர் வாங்கிக் கொடுத்த பெரிய பலிபீடம் கி.மு. 2ம் நூற்றாண்டுல பெர்கமானை ஆண்ட அட்டாலிட் வம்சத்து ராஜாக்கள் கட்டினது. கி.மு. 133ல அந்த வம்சத்து ராஜா மூணாம் அட்டாலஸ் ராஜ்யத்தையே ரோமுக்கு உயில் எழுதிட்டு செத்துப்போனார், அதுக்கப்புறம் ரோமானியங்க பலிபீடத்தைவிட உயரமான இடத்துல பேரரசருக்கு கோயில் வெச்சாங்க. யார் கை ஓங்கியிருந்துச்சுன்னு மாடல்லயே தெரியும்.

எனக்கு அந்த மாடல் முக்கியமா படறதுக்கு இன்னொரு காரணம் உண்டு. கார்ல் ஹூமன்ங்கற ஜெர்மன் இன்ஜினியர் 1878லேர்ந்து தோண்டி எடுத்த பலிபீடச் சிற்பங்க பெர்லினுக்குப் போயிடுச்சு, மலையில பலிபீடத்தோட அடித்தளமும் பைன் மரங்களும்தான் மிச்சம். மியூசியம் ஹால்ல நுழைஞ்சதும் பலிபீடத்தோட படிக்கட்டுதான் எதிர்ல நிக்கும், ஆனா அந்தக் காலத்துல ஜனங்க கிழக்குப் பக்கமா வந்து, கிரேக்கக் கடவுளுங்க ஜீயஸும் அதீனாவும் அசுரங்களோட சண்டை போடற சிற்பங்களைப் பார்த்துட்டு, சுத்திப் போய்தான் மேற்குல இருக்கற படியில ஏறுவாங்க. இது ஹால்ல புரியாது, மாடல்லதான் புரியும்.

கேள்வி: அவ்ளோ உயரத்துக்கு தண்ணி எப்படி போச்சு? - அதே வாசகி

பதில்: வடக்க இருக்கற மத்ரா மலையிலேர்ந்து 40 கிலோமீட்டருக்கு மேல சுட்டமண் குழாய். கடைசியில பள்ளத்தாக்குல இறங்கி திரும்ப ஏற உலோகக் குழாய். தண்ணி கிளம்பற இடம் நகரத்தைவிட உயரம்ங்கறதால அந்த அழுத்தமே உச்சி வரைக்கும் தள்ளி ஏத்திடுச்சு.