மொரீஷியஸில் மூன்று வாரம், கையில் 16,000 ரூபாய்

கேள்வி: நான் திருநெல்வேலிக்காரன். நான்கு வார மாணவர் பயணமாக மொரீஷியஸ் வந்து ரெதுயியில் தங்கியிருக்கிறேன். சாப்பாட்டுக்கும் சுற்றிப் பார்க்கவும் 25,000 மொரீஷியஸ் ரூபாய் கொண்டுவந்தேன். முதல் வாரத்திலேயே 9,000 போய்விட்டது. தலைநகர் போர்ட் லூயியின் கோடான் துறைமுகப் பக்கத்தில் நண்பர்களோடு ஐந்து இரவுச் சாப்பாடு 3,750, திரும்பி வர நான்கு முறை டாக்சி 2,400, மற்றது 2,850. போர்ட் லூயியை முழுதாகப் பார்க்க வேண்டும், நல்லதாகச் சாப்பிடவும் வேண்டும். அப்பாவிடம் மறுபடி பணம் கேட்க மனம் வரவில்லை. ஊர் வங்கி அட்டையில் அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் எடுக்கலாமா?

பதில்: தம்பி, கணக்கை ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள், அதனால் பதில் சொல்வது எளிது. இரவுச் சாப்பாட்டையும் டாக்சியையும் கூட்டுங்கள்: 6,150. ஒரு வாரச் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். பணத்தைத் தின்றது சாப்பாடு அல்ல, நீங்கள் சாப்பிடப் போன நேரம்.

போர்ட் லூயி அலுவலக ஊர். பகலில் நிரம்பி வழியும், சாயங்காலம் அலுவலகம் விட்டதும் தெருக்கள் வெறிச்சோடும். ரோட்டோரக் கடைகள் நடப்பது பகலில்தான். இரவில் போனால் மிஞ்சுவது துறைமுகத்து உணவகங்கள். அங்கே விலைப் பட்டியலில் 15 சதவீத வரி சேர்ந்திருக்கிறதா என்று வேறு பார்க்க வேண்டும். பேருந்தும் சீக்கிரம் ஓய்ந்துவிடும், அப்புறம் டாக்சிக்காரர் சொன்னதுதான் கூலி. ஆகவே பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு மாற்றுங்கள். ரெதுயியிலிருந்து மெட்ரோவில் ரோஸ்ஹில் வழியாக வாருங்கள், விக்டோரியா நிலையத்தில் இறங்கினால் மத்தியச் சந்தை நடக்கும் தூரம்.

சந்தையில் முதலில் தால் பூரி. பூரி என்ற பெயரை நம்பி எண்ணெயில் பொரித்ததைத் தேடாதீர்கள். பருப்பை வேகவைத்துப் பொடித்து உள்ளே வைத்துத் தேய்த்த மெல்லிய ரொட்டி அது. ஜோடியாகத்தான் விற்பார்கள், கறியும் காரத் துவையலும் தடவிச் சுருட்டித் தருவார்கள். அங்கே பேசும் கிரியோல் மொழியில் 'என் பேர்' என்று கேளுங்கள், ஒரு ஜோடி என்று அர்த்தம். காத்தோ பிமாங் என்பது நம் பருப்பு வடையின் தம்பி. காலையில் வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுவார்கள். வெயிலுக்கு அலூடா: பால், சப்ஜா விதை, கடல்பாசி. கீரைக் கடையில் 'ப்ரேட் முரும்' என்று கேட்டால் முருங்கைக்கீரையை நீட்டுவார்கள். நம் பெயர் அந்தத் தீவில் அப்படி உருமாறி நிற்பதைக் காதால் கேட்பதற்கே சந்தைக்குப் போகலாம். இன்னொரு மதியம் சீனர் தெருவில் வறுத்த நூடுல்ஸ். இதற்கெல்லாம் ஆகிற காசு கோடானில் ஒரு தட்டுக்குப் போதாது.

பார்ப்பதற்கும் பெரிதாகச் செலவில்லை. சந்தையிலிருந்து சற்று நடந்தால் ஆப்ரவாசி காட். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர் கரையேறிய ஊரில், அவர்களைப் பதிவு செய்து அனுப்பிய இடம். 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது. தமிழர்களும் அந்தப் படிகளில் ஏறியவர்கள்தான், அவசரப்படாமல் பாருங்கள்.

இனி மிச்சமிருக்கும் 16,000. முதலில் 2,000 எடுத்துப் பையின் அடியில் வையுங்கள். மருந்து, அவசரம் தவிர அதைத் தொடக் கூடாது. நாளுக்கு 600 வீதம் 21 நாளுக்கு 12,600. மீதி 1,400-ல் நண்பர்களோடு ஓரிரு இரவு கோடானுக்குப் போய் வரலாம். நண்பர்களை விட்டு விலகச் சொல்ல மாட்டேன், அந்தச் சிரிப்பும் பயணத்தில் சேர்த்திதான். ஆனால் போகும் முன்பே டாக்சிக் கூலியைப் பேசி முடித்து, பங்கு பிரித்துக்கொள்ளுங்கள்.

அட்டையில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கவே வேண்டாம். ஒவ்வொரு முறையும் வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும், அதன் மேல் நாணய மாற்றுக் கட்டணமும் உண்டு. எடுத்தே ஆக வேண்டுமானால் ஒரே தடவையாக எடுங்கள். 'இந்திய ரூபாயில் கணக்கிடவா?' என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று மொரீஷியஸ் ரூபாயையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் மாற்று விகிதத்தில் அடி விழும். 2024 பிப்ரவரியிலிருந்து இந்திய யுபிஐ அங்கே செல்லும், ஆனால் எல்லாக் கடையிலும் இல்லை. தால் பூரிக்காரருக்கு நோட்டுதான்.

தினமும் காலையில் நூறு ரூபாய் நோட்டுகள் ஆறை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஒரு நோட்டு நம்மூர்க் கணக்கில் ஏறக்குறைய இருநூறு ரூபாய் என்பது நினைவிருக்கட்டும். அந்த நோட்டில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன், அந்நாட்டில் அமைச்சராக இருந்த தமிழர். பக்கத்திலேயே தமிழிலும் மதிப்பு அச்சாகியிருக்கும். 1998-ல் வந்த நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளிவிட்டார்கள் என்று அங்குள்ள தமிழர் கொதித்தெழ, நோட்டுகளையே திரும்பப் பெற்று மாற்றி அச்சிட்டார்கள்.

மொரீஷியஸ் ரூபாயை நெல்லையில் மாற்றுவது சிரமம். மிஞ்சியதைக் கிளம்பும் முன் அங்கேயே மாற்றிவிடுங்கள். ஒரே ஒரு நூறு ரூபாய் நோட்டை மட்டும் மாற்றாமல் அப்பாவுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.