சூப்பர்விஷனில் "எல்லாம் ஓகே மேடம்" வேண்டாம்

இங்கிலாந்தில் சமூகப்பணிப் படிப்பை முடித்துக் கவுன்சிலின் (உள்ளாட்சி அமைப்பின்) குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் சேர்ந்திருக்கும் தங்கை ஒருவர் கேட்டிருந்தார்: "மேனேஜர் அடிக்கடி சூப்பர்விஷன் என்று கூப்பிட்டு ஒவ்வொரு கேஸாகக் கேட்கிறார். என் மேல் நம்பிக்கை இல்லையா?"

அப்படியில்லை தங்கச்சி. சூப்பர்விஷன் என்பது மேனேஜரும் நீங்களும் தனியாக உட்கார்ந்து கேஸ்களைப் பேசும் சந்திப்பு. அது உங்களுக்குச் சேர வேண்டிய நேரம். புதிதாகத் தகுதி பெற்றவருக்கு முதல் 6 வாரம் வாராவாரம், பிறகு 6 மாதம் முடியும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதற்குமேல் மாதம் ஒருமுறையாவது. ஒவ்வொன்றும் குறைந்தது ஒன்றரை மணி நேரம், போன் தொந்தரவு இல்லாமல். முதல் வருடத்தில் வேலைப்பளுவும் 10 சதவீதம் குறைய வேண்டும். இதையெல்லாம் முதல் சந்திப்பிலேயே சூப்பர்விஷன் ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அவசர கேஸ் வந்து சந்திப்பு தள்ளிப்போவது சகஜம். ஆனால் அன்றைக்கே மெயில் போட்டு வேறு தேதி வாங்கிவிடுங்கள். இரண்டு முறை விட்டுப்போனால் மூன்றாவதும் போகும்.

பெரியவர்களிடம் குறை சொல்லக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். "எல்லாம் ஓகே மேடம்" என்று எழுந்து வந்துவிடுகிறோம். இந்த வேலையில் அது ஆபத்து. விக்டோரியா கிளிம்பியே என்ற 8 வயதுக் குழந்தை 2000-ல் லண்டனில் கொடுமைக்கு ஆளாகி இறந்தாள். அவள் சாவைப் பற்றி 2003-ல் வந்த லார்ட் லாமிங் விசாரணை அறிக்கை, மேலதிகாரி கேஸ் ஃபைலை அவ்வப்போது படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்றது. ஊழியர் வாய்வழியாகச் சொல்வதை மட்டும் கேட்டால் போதாது என்பதுதான் அதன் பொருள்.

அதனால் போகும்போது எல்லா கேஸையும் வரிசையாக ஒப்பிக்காதீர்கள். உங்களைத் தூங்கவிடாத இரண்டைத் தேர்ந்தெடுங்கள். "அந்த வீட்டில் நிலைமை பரவாயில்லை" என்று சொன்னால் மேனேஜருக்கு எதுவும் தெரியாது. "மூன்று முறை போனேன். இரண்டு முறை கதவைத் திறக்கவில்லை. மூன்றாவது முறை அம்மா கூடவே உட்கார்ந்திருந்தார். பிள்ளையிடம் தனியாகப் பேச முடியவில்லை. அப்பா எங்கே என்றால் பதில் மாறுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். பார்த்தது, நீங்கள் நினைப்பது, தெரியாதது மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். பிறகு நேராகக் கேளுங்கள்: பள்ளியில் வைத்துப் பார்க்கலாமா, போலீஸோடு ஸ்ட்ராட்டஜி கூட்டம் (அடுத்து என்ன செய்வது என்று சேர்ந்து முடிவெடுக்கும் கூட்டம்) கூட்ட வேண்டுமா? அது கூடி, விசாரணை தொடங்குவது என்று முடிவானால், பிள்ளையின் பாதுகாப்பைப் பற்றி எல்லாத் தரப்பும் கூடிப் பேசும் முதல் பாதுகாப்பு மாநாட்டுக்கு அந்தக் கூட்டத்திலிருந்து 15 வேலை நாள்தான்.

முடிவு என்ன, யார் செய்வது, எந்தத் தேதிக்குள், ஏன் என்ற நான்கும் ஃபைலில் ஏற வேண்டும். ஏறியதை நீங்களே திறந்து படியுங்கள். மேனேஜர் சொன்னதில் உடன்பாடு இல்லையென்றால் அதையும் பதியச் சொல்லலாம். இங்கே அது மரியாதைக் குறைவு ஆகாது.

வீட்டு விசிட்டில் ஒருவர் மிரட்டினாலும், ஒரு பிள்ளை சொன்னது மனதை அரித்துக்கொண்டே இருந்தாலும் அதற்கும் இதுதான் இடம். விசா ஸ்பான்ஸர்ஷிப் போய்விடுமோ என்று பலர் வாய் திறப்பதில்லை. தாங்கமுடியாத கேஸ்லோடை மறைத்து, விசிட் தவறி, பதிவு விட்டுப்போவதுதான் வேலைக்கு உண்மையான ஆபத்து. மேனேஜர் கேட்கவில்லையென்றால் கவுன்சிலின் பிரின்சிபல் சோஷியல் வொர்க்கரிடம் (சமூகப்பணியாளர்களுக்கான மூத்த வழிகாட்டியிடம்) போங்கள். யூனிசன் மாதிரி ஒரு தொழிற்சங்கத்தில் இப்போதே சேர்ந்துவிடுங்கள்.