காற்றில் ஆக்சிஜன் சேர்ந்தது எப்படி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மரங்கள் வந்த பிறகுதானே காற்றில் ஆக்சிஜன் வந்தது?

இல்லை. மரங்கள் ரொம்பத் தாமதம். முதல் காடுகள் தோன்றி ஏறத்தாழ 39 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. காற்றில் ஆக்சிஜன் தங்கத் தொடங்கியதோ ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அது ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்களின் வேலை. இலைக்குள் இருக்கும் பசுங்கணிகமே, எப்போதோ ஒரு செல்லுக்குள் குடிபுகுந்த சயனோபாக்டீரியாவின் வாரிசுதான்.

அவை ஆக்சிஜனை வெளிவிட ஆரம்பித்ததும் காற்று நிறைந்துவிட்டதா?

பலரும் தடுமாறும் இடம் இது. சம்பாதிப்பது வேறு, மிச்சம் பிடிப்பது வேறு. ஒரு பாசி தன் உடலைக் கட்டும்போது ஆக்சிஜனை விடுகிறது. செத்து மட்கும்போது ஏறக்குறைய அதே அளவு ஆக்சிஜன் செலவாகிவிடுகிறது. வரவும் செலவும் சரி. மட்காமல் கடலடிச் சேற்றில் புதைந்துபோகும் கொஞ்சம் கார்பன் இருக்கிறதே, அதற்கு ஈடான ஆக்சிஜன்தான் மிச்சம்.

அந்த மிச்சத்துக்கும் கடன்காரர்கள் காத்திருந்தார்கள்: எரிமலை வாயுக்கள், கடல்நீரில் கரைந்திருந்த இரும்பு, காற்றிலிருந்த மீத்தேன். இவர்களுக்குக் கொடுத்ததுபோக மீந்த பிறகே காற்றில் ஆக்சிஜன் நின்றது. சயனோபாக்டீரியா முதலில் எப்போது தோன்றியது என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை.

240 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காற்றை யார் அளந்தார்கள்?

காற்றை அல்ல, கல்லை அளந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில், பழைய ஆறுகள் உருட்டி வந்த பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்), யுரேனினைட் (யுரேனியத் தாது) மணிகள் கிடைக்கின்றன. இன்றைய ஆற்றில் இவை அவ்வளவு தூரம் தாங்காது. ஆக்சிஜன் பட்டுச் சிதைந்துவிடும். அன்றைக்கு அப்படியே உருண்டு வந்திருக்கின்றன என்றால், காற்றில் ஆக்சிஜன் இல்லை என்றுதானே பொருள்?

எனக்கு இதைவிடப் பிடித்த சாட்சி கந்தகம். ஆக்சிஜன் இல்லாத காற்றில் புற ஊதாக் கதிர் கந்தக வாயுக்களைச் சிதைக்கும்போது, கந்தக ஐசோடோப்புகளின் (எடையில் மட்டும் வேறுபடும் கந்தக அணு வகைகளின்) விகிதத்தில் ஒரு விசித்திரமான கைரேகை பதிகிறது. 2000இல் ஜேம்ஸ் ஃபார்குவாரும் சக ஆய்வாளர்களும் அதைப் பழைய பாறைகளில் கண்டுபிடித்தார்கள். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அது மறைந்துவிடுகிறது. அந்த ரேகை பதிய வேண்டுமானால் ஆக்சிஜன் இன்றைய அளவில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருந்திருக்க வேண்டும்.

சேலம் கஞ்சமலை இரும்புக்கும் இதற்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு, ஆனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கஞ்சமலையில் காந்த இரும்புத்தாதுவும் குவார்ட்சும் பட்டைபட்டையாக மாறிமாறி வரும். கடலடியில் படிந்து, பிற்பாடு பூமிக்குள் வெந்து இறுகிய படிவு அது. கரைந்த இரும்பை ஆக்சிஜன் துருவாக்கி இறக்கியது என்பது பாடப்புத்தக விளக்கம். ஆக்சிஜனே இல்லாமல், ஒளியை வைத்து இரும்பைத் துருவாக்கும் பாக்டீரியாக்களும் உண்டு. ஆகவே பட்டை இரும்பை மட்டும் வைத்து ஆக்சிஜனுக்குச் சான்றிதழ் கொடுக்க மாட்டேன்.

நிலக்கரிக் காலத்தில் ராட்சதத் தட்டான்கள் பறந்தது நிஜமா?

நிஜம். தட்டானின் உறவான மெகனியூராவுக்குச் சிறகு விரிப்பு சுமார் 65 செ.மீ. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு சதுப்புக் காடுகள் மட்காமல் புதைந்து நிலக்கரியாயின. அதற்கு ஈடாக, இன்று 21 சதவீதம் அளவில் இருக்கும் ஆக்சிஜன் அன்றைக்கு 30 சதவீதம்வரை ஏறியிருக்கும் என்கின்றன கணிப்புகள். பூச்சிகள் பெருத்தது அதனால் மட்டும்தானா என்பது வேறு விவாதம்.

அமேசான் அழிந்தால் மூச்சுத் திணறுமா?

திணறாது. 'உலக ஆக்சிஜனில் 20 சதவீதம் அமேசான் தருகிறது' என்பது வாட்ஸ்அப் கணக்கு. அங்கே உருவாவது கிட்டத்தட்ட முழுக்க அங்கேயே செலவாகிறது. உலகில் உயிருள்ள அத்தனையையும் எரித்தாலும், காற்றில் இன்று 20.95 சதவீதமாக இருக்கும் ஆக்சிஜன் 20.9க்குக் கீழே போகாது. நாம் சுவாசிப்பது கோடிக்கணக்கான ஆண்டுச் சேமிப்பு. நிலக்கரி, பெட்ரோல் எரிப்பதால் அது குறைவது உண்மைதான்: ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் 4 பங்கு அளவு. காட்டைக் காக்க மழை, மண், கார்பன் என்று வலுவான காரணங்கள் இருக்க, இந்தப் பொய்க் கணக்கு எதற்கு?