விரலில் 98, மூளையில் எவ்வளவு?

கேள்வி: மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்து தலையில் பலத்த அடிபட்ட என் தம்பி, நான்கு நாட்களாக அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவின்றி இருக்கிறான். விரலில் மாட்டிய கருவி ஒட்சிசன் 98 என்று காட்டுகிறது. ஆனாலும் மூளைக்கு ஒட்சிசன் போதாமல் போகலாம் என்கிறார் வைத்தியர். மூளைக்குள் கருவி வைத்துப் பார்க்கும் வசதி இங்கே இல்லை. கனடாவில் இருக்கும் அண்ணா, உடனே கொழும்புக்கு மாற்றச் சொல்கிறார். என்ன செய்வது?
(வாசகி, சாவகச்சேரி)

பதில்: வைத்தியர் சொன்னது சரி. இரத்தத்தில் ஒட்சிசன் ஏறியிருக்கிறது என்பதை மட்டுமே அந்த 98 சொல்கிறது. அந்த இரத்தம் மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்பது வேறு கேள்வி. வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடினாலும், மடை அடைபட்டால் பாத்தியில் வெங்காயம் வாடத்தான் செய்யும்.

மண்டையோடு விரிந்து கொடுக்காது. அடிபட்ட மூளை வீங்கும்போது, அதைச் சுற்றியுள்ள நீர் முதலில் முள்ளந்தண்டுப் பக்கம் விலகி இடம் விடும். அந்த இடமும் தீர்ந்தபின் அமுக்கம் விறுவிறென்று ஏறும். பெரியவர்களுக்கு அது வழமையாக 15 மில்லிமீற்றர் இரசத்துக்குள் இருக்கும். 22ஐத் தாண்டி நின்றால் குறைக்க வேண்டும். சராசரி இரத்த அழுத்தத்தில் இருந்து இந்த அமுக்கத்தைக் கழித்தால் மிஞ்சுவதே மூளைக்கு இரத்தத்தைத் தள்ளும் விசை. அது 60க்கும் 70க்கும் இடையில் இருப்பது நல்லது. இரத்த அழுத்தம் 85, மண்டைக்குள் 30 என்றால் மிச்சம் 55தான். அப்போதும் விரலில் 98 தெரியும்.

மூளையின் ஒட்சிசனை அளக்கும் மெல்லிய உணரியை, மண்டையோட்டில் சிறு துளையிட்டு உள்ளே வைப்பார்கள். அது காட்டுவது 20 மில்லிமீற்றர் இரசத்துக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை. ஆனால் தன் நுனியைச் சுற்றியுள்ள சிறு பகுதியை மட்டுமே அது அறியும்.

இனி அண்ணாவின் யோசனை. பொலிவியாவிலும் எக்குவடோரிலும் 324 நோயாளரிடம் நடந்த ஆய்வொன்று 2012இல் வெளியானது. மண்டைக்குள் அமுக்கமானி வைக்கப்பட்டவர்களும், அது இல்லாமல் அடிக்கடி பரிசோதனையும் சீ.ரி. ஸ்கேனும் கொண்டு கவனிக்கப்பட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தேறினார்கள். அமுக்கமானியோடு ஒட்சிசன் உணரியையும் சேர்த்துப் பார்த்த பிரெஞ்சு ஆய்விலும் (2023) ஆறு மாதங்களின் பின் கூடுதல் நன்மை தெரியவில்லை. கருவி இருந்தால் நான் வைப்பேன். அது இல்லை என்பதற்காக மட்டும், இந்த நிலையில் உள்ள ஒருவரை ஏ9 வீதியால் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் கொண்டுபோகச் சொல்லமாட்டேன். வழியில் இரத்த அழுத்தம் ஒருமுறை சரிந்தாலே அடிபட்ட மூளைக்குப் பெரும் கேடு. இரத்தக்கட்டியை அகற்றச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டு, அது அங்கே முடியாது என்றால் கதை வேறு. அப்போது ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

வைத்தியரிடம் இவற்றைக் கேளுங்கள்: கண்மணிகள் இரண்டும் வெளிச்சத்துக்குச் சமமாகச் சுருங்குகின்றனவா? கடைசி ஸ்கேனில் வீக்கம் கூடியிருக்கிறதா? காய்ச்சலோ வலிப்போ உண்டா? இரத்தத்தில் காபனீரொட்சைட்டு எந்த அளவில் இருக்கிறது? அது கூடினால் மூளையின் குழாய்கள் விரிந்து அமுக்கம் ஏறும். மிகவும் குறைந்தால் அவை சுருங்கி இரத்தம் குறையும். அதனால்தான் செயற்கைச் சுவாச இயந்திரத்தை வேகமாக ஓடவிட்டு அதைக் குறைத்தால் போதும் என்று இருக்க முடிவதில்லை.

தம்பியின் தலைமாடு சுமார் 30 பாகை உயர்ந்திருக்கும், கழுத்து நேராக இருக்கும். பாசத்தில் முகத்தை உங்கள் பக்கம் திருப்பாதீர்கள். கழுத்து மடங்கினால் மூளையில் இருந்து இரத்தம் வடிவது தடைப்படும். கோயில் நூலையும் கழுத்தில் கட்ட வேண்டாம். கையைப் பிடித்து மெதுவாகப் பேசலாம். தாதி சற்றுப் பொறுக்கச் சொன்னால், பொறுத்திருந்து மறுபடி போய்ப் பேசுங்கள்.