விருந்தாளிக்கு ஒரு முகம், வீட்டாருக்கு ஒரு முகமா?

கேள்வி: எங்களுடையது சிறிய வீடு, இரண்டே அறைகள். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பதினான்கு வயதில் மகள், ஒன்பது வயதில் மகன். கிறிஸ்தவ வீடு என்றால் கதவு திறந்தே இருக்க வேண்டும் என்பார் கணவர். ஜெபக்கூட்டம், சபையார், சொந்தக்காரர்கள், வெளியூர் ஊழியர்கள் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். முன்கூட்டிச் சொல்லவும் மாட்டார். தங்க வருகிற சிலர் எப்போது கிளம்புவார்கள் என்றே தெரியாது. துடைத்து, அடுக்கி, சமைத்து, சிரித்த முகத்தோடு கவனித்து அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தியதும் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். "யாராவது வந்தாதான் நம்ம வீட்ல அம்மா சிரிப்பாங்க" என்று போன வாரம் மகள் தம்பியிடம் சொன்னது காதில் விழுந்தது. அன்றிலிருந்து மனசே சரியில்லை. வருகிறவர்களுக்கும் வீட்டாருக்கும் இதமான கிறிஸ்தவ இல்லமாக எங்கள் வீட்டை எப்படி மாற்றுவது? இன்னொன்று: என்னோடு வேலை பார்க்கும் தோழி குடும்பத்தோடு வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் கிறிஸ்தவர் இல்லை. அவர்கள் முன் ஜெபம் செய்யலாமா, கூடாதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரி,

மகள் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான் இருக்கிறது.

கெட்ட குமாரன் உவமையை (லூக்கா 15) எத்தனையோ தடவை கேட்டிருப்பீர்கள். சொத்தில் பங்கை வாங்கிக்கொண்டு வீட்டைவிட்டுப் போன இளைய மகன் திரும்பி வருகிறான், வீட்டில் விருந்து. மூத்தவன் வெளியே நின்றுகொண்டு உள்ளே வர மாட்டேன் என்கிறான். அவன் மனக்குறை என்ன? இத்தனை வருஷம் உமக்கு ஊழியம் செய்தேன், என் சிநேகிதரோடு சந்தோஷமாக இருக்க எனக்கு ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட நீர் கொடுத்ததில்லையே என்கிறான். உங்கள் மகள் சொன்னதும் இதே குறைதான். வீட்டோடு இருக்கிற பிள்ளைக்கு இல்லாத விருந்து, வந்து போகிறவருக்கு ஏன் என்று கேட்கிறாள்.

இளையவனைக் கண்டு ஓடின தகப்பனைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அதே தகப்பன் அன்றைக்கு இரண்டாம் தடவையும் வெளியே வந்தார் என்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. விருந்து நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து வந்து, மூத்தவனை வருந்தி அழைக்கிறார். 'வாயை மூடு, விருந்தாளிகள் இருக்கிறார்கள்' என்று அவர் சொல்லவில்லை. "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய்" என்றுதான் சொன்னார்.

அதனால் வீட்டை மாற்றுவதற்கு முன் மகளிடம் போங்கள். "நீ தம்பியிடம் சொன்னதைக் கேட்டேன். நீ சொன்னது உண்மைதான். எனக்கும் அது பிடிக்கவில்லை" என்று சொன்னால் போதும். 'அம்மா எவ்வளவு கஷ்டப்படுகிறேன் தெரியுமா' என்று கூடவே சேர்த்துவிடாதீர்கள். அதைச் சேர்த்தால் அது மன்னிப்பாக இருக்காது, கணக்குப் பார்ப்பதாகிவிடும். அவள் உடனே உருகிவிட மாட்டாள். பதினான்கு வயதுப் பிள்ளை தோளைக் குலுக்கிவிட்டுப் போகலாம். போகட்டும். சொன்னதைக் காதில் வாங்கியிருப்பாள்.

அப்புறம், வருகிறவர்களுக்குச் செய்கிற சின்னச் சின்ன மரியாதைகளை வீட்டாருக்கும் செய்து பாருங்கள். சீமோன் என்ற பரிசேயன் வீட்டில் இயேசு சாப்பிடப் போனபோது அவர் எதைக் குறையாகச் சொன்னார்? சாப்பாட்டை அல்ல. கால் கழுவத் தண்ணீர் தரவில்லை, முத்தமிட்டு வரவேற்கவில்லை, தலையில் எண்ணெய் பூசவில்லை என்றார் (லூக்கா 7:44-46). எல்லாமே ஒருவர் உள்ளே நுழைகிற நேரத்தில் செய்ய வேண்டியவை. உங்கள் மகன் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற நேரத்தையும், நீங்கள் வேலை முடிந்து வீட்டுக்குள் வருகிற நேரத்தையும் நினைத்துப் பாருங்கள். முதலில் காதில் விழுவது என்ன? 'செருப்பை ஒழுங்கா வை', 'டிபன் பாக்ஸை எடு', 'டிவியை நிறுத்து' - அப்படித்தானே? போனைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்து 'வந்துட்டியா' என்று கேட்க அரை நிமிஷம்கூட ஆகாது. செருப்பை அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

சரி, இனி அந்த எரிச்சலுக்கு வருவோம். கோபத்தை அடக்கப் பழகுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. உங்களுக்கு வேலை அதிகம், உதவி குறைவு. எரிச்சலில் பாதி அதனால்தான். "முறுமுறுப்பில்லாமல் ஒருவரையொருவர் உபசரியுங்கள்" என்று பேதுரு எழுதுகிறார் (1 பேதுரு 4:9). உபசரிக்கிற இடத்தில் முறுமுறுப்பு வரும் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் மடத்துக்கு எழுதிய ஒழுங்குவிதிகளில் விருந்தினரைப் பற்றி ஓர் அதிகாரமே உண்டு, 53ஆவது. வருகிற விருந்தினர் எல்லாரையும் கிறிஸ்துவாகவே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று தொடங்குகிறது. எல்லாரும் மேற்கோள் காட்டுவது அந்த வரியைத்தான். எனக்குப் பிடித்தது அதற்குக் கொஞ்சம் கீழே இருப்பது. விருந்தினர் நேரங்கெட்ட நேரத்தில் வருவார்கள், மடத்தில் அவர்களுக்குக் குறைவே இருக்காது, அதனால் மற்றவர்களின் அமைதி கெடாதபடி அவர்களுக்குத் தனிச் சமையலறை இருக்கட்டும், அதற்கு இரண்டு பேரை நியமியுங்கள், தேவைப்படும்போது கூடுதல் ஆள் கொடுங்கள், அப்போதுதான் முறுமுறுக்காமல் பணி செய்வார்கள் என்கிறார். முறுமுறுப்புக்கு அவர் எழுதிய மருந்து பிரசங்கம் அல்ல, கூட ஓர் ஆள்.

உங்கள் கணவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அவர் மனசு நல்ல மனசு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அழைப்பது ஒருவர், உழைப்பது இன்னொருவர் என்றால் அந்த உபசரிப்பு ரொம்ப நாள் தாங்காது. சூனேம் ஊர்ப் பெண்ணான சூனேமியாளைப் பாருங்கள் (2 இராஜாக்கள் 4). எலிசா தீர்க்கதரிசி அடிக்கடி அந்த வழியாகப் போகிறார் என்று கவனித்தவள் அவள்தான். ஆனாலும் முதலில் கணவனிடம் பேசுகிறாள்: மேல்வீட்டில் ஒரு சின்ன அறை கட்டுவோம், அதில் ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு குத்துவிளக்கு வைப்போம், வரும்போது தங்கட்டும் என்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு. நீங்களும் உட்கார்ந்து பேசி, வாரத்தில் எந்த நாளில் யார் வேண்டுமானாலும் வரலாம், எந்த நாள் வீட்டாருக்கு மட்டும் என்று முடிவு செய்யுங்கள். யாரையும் அழைப்பதற்கு முன் ஒரு போன் செய்வது என்று அவர் ஒப்புக்கொள்ளட்டும். அவசரத்தில் வருகிறவர்கள் கணக்கே வேறு, அவர்களை யாரும் நாள் பார்த்து வரச் சொல்வதில்லை. சாதாரணமாக வருகிறவர்களைத்தான் சொல்கிறேன். அப்படி அழைக்கிற நாளில் சமையலிலோ பாத்திரத்திலோ ஒன்று கணவர் பொறுப்பு. அவருக்குச் சமைக்கத் தெரியாது என்று எனக்கு அடுத்த கடிதம் எழுதாதீர்கள், பாத்திரம் கழுவ எல்லாருக்கும் தெரியும்.

அந்தச் சூனேமியாளின் அறையை இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். அதில் அலங்காரம் ஒன்றும் இல்லை. படுக்க ஓர் இடம், எழுதவோ வாசிக்கவோ ஓர் இடம், உட்கார ஓர் இடம், வெளிச்சம். தங்க வருகிறவருக்கு இன்றைக்கும் வேண்டியது இவ்வளவுதான். உங்களிடம் தனி அறை இல்லை, பரவாயில்லை. சுத்தமான ஒரு போர்வை, ஒரு துண்டு, கைக்கெட்டும் தூரத்தில் போன் சார்ஜ் போட ஒரு பிளக், குடிக்கத் தண்ணீர். குளியலறை எங்கே, எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு, காலையில் வீட்டில் யார் எப்போது எழுவார்கள் என்று வந்தவுடனே சொல்லிவிடுங்கள். விடிய விடியக் கூச்சத்தோடு படுத்திருக்கிற விருந்தாளிக்கு இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை. பிள்ளைகளின் படுக்கையைக் கேட்காமல் எடுத்துக் கொடுக்க வேண்டாம். தங்க வரும் பெரியவர் யாரையும் பிள்ளைகளோடு ஒரே அறையில் படுக்க வைக்கவும் வேண்டாம். சபையில் எவ்வளவு மதிப்புள்ளவராக இருந்தாலும் சரிதான். இதில் யார் மனமாவது நோகுமே என்று பார்க்காதீர்கள்.

எப்போது கிளம்புவார்கள் என்றே தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். இதுவும் பழைய தலைவலிதான். ஆதித் திருச்சபையிலிருந்து நமக்கு வந்திருக்கிற 'திதாகே' என்ற போதனை நூலில் இதற்கே விதி உண்டு. வழிப்போக்கராக வருகிறவருக்கு முடிந்த உதவியெல்லாம் செய்யுங்கள், ஆனால் இரண்டு நாள், அவசியம் என்றால் மூன்று நாள், அதற்கு மேல் அவர் தங்கக் கூடாது. உங்களோடேயே தங்கிவிட விரும்பினால், தொழில் தெரிந்தவராக இருந்தால் உழைத்துச் சாப்பிடட்டும் என்கிறது. இவ்வளவு வெளிப்படையாக எழுதி வைத்திருக்கும்போது, 'எந்த நாள் வரை இருப்பீர்கள்? அதற்கேற்ற மாதிரி ஏற்பாடு செய்துகொள்கிறோம்' என்று வருமுன்பே கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கேட்க வேண்டியவர் அழைத்தவர்தான், நீங்கள் இல்லை.

சிறிய வீடு என்றும், இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம் என்றும் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரம் செய்து பிழைத்த தம்பதி. அவர்கள் வீட்டில் சபையே கூடிவந்தது. கொரிந்துவில் பவுல் அவர்களோடு தங்கியபோது அவர்களோடு சேர்ந்து வேலையும் செய்தார் (அப்போஸ்தலர் 18:3). அதனால், 'நான் ஏதாவது செய்யட்டுமா?' என்று ஒரு விருந்தாளி கேட்டால், 'ஐயோ, நீங்க உட்காருங்க' என்று தடுக்காதீர்கள். தட்டு வைக்கச் சொல்லுங்கள், காய் நறுக்கக் கொடுங்கள். சும்மா உட்கார வைத்துப் பார்த்துக்கொள்ளப்படுகிறவர் அந்நியராகவே இருப்பார். கையில் வேலை கிடைத்ததும் பேச்சும் தானாக வரும். துடைப்பது, அடுக்குவது? அவர்கள் உட்காருகிற இடமும் குளியலறையும் சுத்தமாக இருந்தால் போதும். மற்ற அறைக் கதவைச் சாத்திவிடுங்கள். சமையலில் ஒரே ஒரு வகை, ஆனால் தாராளமாக. "பகையோடிருக்கும் கொழுத்த எருதின் கறியைப்பார்க்கிலும், சிநேகத்தோடிருக்கும் இலைக்கறியே நல்லது" (நீதிமொழிகள் 15:17).

மார்த்தாள் கதையை உங்களிடம் யாராவது ஏற்கெனவே நீட்டியிருப்பார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். லூக்கா 10இல் இயேசு வீட்டுக்கு வந்தபோது அவள் பற்பல வேலைகளில் வருத்தப்பட்டு, உதவிக்கு வராத தங்கை மரியாளைப் பற்றிய புகாரை விருந்தாளியான அவரிடமே கொண்டுபோகிறாள், அவரையே பஞ்சாயத்துக்கு இழுக்கிறாள். யோவான் 12இல் மறுபடியும் பெத்தானியாவில் இராவிருந்து, மறுபடியும் மார்த்தாள் பணிவிடை செய்கிறாள். வேலையை அவள் விட்டுவிடவில்லை. ஆனால் அந்த இடத்தில் அவளிடமிருந்து புகாரும் இல்லை, அவளுக்குக் கண்டிப்பும் இல்லை.

அடுத்தது கிறிஸ்தவ இல்லம் என்ற பேச்சு. வசனப் பலகை மாட்டுவது நல்லதுதான், நிலைகளில் எழுதி வைக்கச் சொல்கிறது உபாகமம் 6:9. ஆனால் அதற்கு முன்பே 7ஆம் வசனம் வருகிறது: வீட்டில் உட்காரும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்பும்போதும் பிள்ளைகளோடு பேசு என்று. முதலில் பேச்சு, பிறகுதான் சுவர். குடும்ப ஜெபத்தை நீட்ட வேண்டாம். பத்து நிமிஷம் போதும். யாருக்காக ஜெபிக்கலாம் என்று பிள்ளைகள் சொல்லட்டும். ஜெபத்துக்குள் அவர்களுக்குப் புத்திமதி சொல்லாதீர்கள். 'ஆண்டவரே, இவள் போனை விட்டுப் படிக்க உதவி செய்யும்' என்று ஜெபித்தால் அது ஆண்டவருக்குச் சொன்னதல்ல என்பது பிள்ளைக்கு நன்றாகத் தெரியும்.

யாரை அழைப்பது என்பதில் ஒரு யோசனை. நம்மைத் திரும்ப அழைக்கிறவர்களையே மாற்றி மாற்றி அழைத்துக்கொண்டிருக்கிறோம். லூக்கா 14இல் இயேசு அதைத்தான் வேண்டாம் என்கிறார். உங்கள் சபையிலேயே துணையை இழந்தவர், தனியாகத் தங்கிப் படிக்கிற மாணவர் என்று யாராவது இருப்பார்கள். மாதத்தில் ஒரு நாள் அவர்களில் ஒருவரை அழையுங்கள். யாரை என்று மகளையே கேளுங்கள். அவளுடைய சிநேகிதிகளுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள், மூத்தவன் கேட்ட ஆட்டுக்குட்டி அதுதான்.

கடைசியாக உங்கள் தோழி. ஜெபம் செய்யலாம், தாராளமாக. அது உங்கள் வீட்டு வழக்கம், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் திடீரென்று எல்லாரும் கண்ணை மூடி, அவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கும்படி விடாதீர்கள். 'நாங்கள் சாப்பிடும் முன் சின்னதாக ஒரு ஜெபம் செய்வோம், நீங்கள் அப்படியே இருந்தால் போதும்' என்று முன்னதாகச் சொல்லுங்கள். அந்த ஜெபத்தில் சாப்பாட்டுக்கும், அவர்கள் வந்ததற்கும் நன்றி சொல்லுங்கள். அவர்கள் மனம் மாற வேண்டும் என்று அவர்கள் முன்னாலேயே வேண்டிக்கொள்ள வேண்டாம். எதையெல்லாம் சாப்பிட மாட்டார்கள் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விசுவாசத்தைப் பற்றி அவரே கேட்டால் மனம் திறந்து சொல்லுங்கள். கேட்கவில்லையா, அவர் பிள்ளைகளைப் பற்றிப் பேசுங்கள். வீட்டில் வியாதி, கவலை என்று அவராகவே ஏதாவது சொன்னால், 'உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?' என்று கேளுங்கள். சரி என்றால் அங்கேயே நாலு வரியில் ஜெபியுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று விட்டுவிட்டு, அடுத்து எப்போது வருவார்கள் என்று கேளுங்கள்.