ஓரிகன் போகும் வண்டியில் பீரோவை ஏற்றலாமா?

கேள்வி: 1850-ல் அமெரிக்காவின் மிசூரியிலிருந்து மேற்குக் கோடியில் இருக்கும் ஓரிகனுக்குக் கூண்டு வண்டியில் குடிபெயரும் ஒரு குடும்பத்தை வைத்துக் குறுநாவல் எழுதுகிறேன். கணவன், மனைவி, கணவனின் தம்பி, இரண்டு குழந்தைகள். இரண்டு குதிரை பூட்டிய வண்டியில் ஜூலையில் கிளம்புகிறார்கள். எல்லாரும் உள்ளே உட்கார்ந்து போய், இரவில் அங்கேயே தூங்குகிறார்கள். மனைவி தன் அம்மா கொடுத்த மரபீரோவையும் ஏற்றிக்கொள்கிறாள். நடுவழியில் நடக்கும் செவ்விந்தியர் தாக்குதல்தான் உச்சக்கட்டம். தகவல் பிழை ஏதாவது இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, கொஞ்சம் நிறையவே. ஆனால் எல்லாமே சரிசெய்யக்கூடியவைதான், சரிசெய்தால் கதைக்கு லாபமும் உண்டு.

முதலில் குதிரைகளை அவிழ்த்துவிடுங்கள். அந்தப் பாதையில் போன வண்டிகளில் பெரும்பாலானவற்றை இழுத்தவை எருதுகள். குதிரைக்கு வேகம் உண்டு, ஆனால் தானியம் இல்லாமல் வெறும் புல்லை மேயவிட்டு மாதக்கணக்கில் சுமை இழுக்க வைத்தால் எலும்பும் தோலுமாகிவிடும். எருது கிடைத்த புல்லைத் தின்று, ராத்திரி அசைபோட்டுவிட்டு, காலையில் மறுபடி நுகத்துக்கு வந்து நிற்கும், விலையும் கோவேறு கழுதையைவிடக் குறைவு, வேறு வழியே இல்லாதபோது அடித்துச் சாப்பிடவும் செய்யலாம். உங்கள் வண்டிக்கு மூன்று ஜோடி பூட்டுங்கள். பிடித்து ஓட்டக் கயிறு கிடையாது. கணவனோ தம்பியோ மாடுகளின் இடப்பக்கமாகக் கூடவே நடந்து, சாட்டையைச் சொடுக்கி, வலது பக்கம் திருப்ப 'ஜீ' என்றும் இடது பக்கம் திருப்ப 'ஹா' என்றும் குரல் கொடுக்க வேண்டும்.

அடுத்தது ஜூலை. மிசூரியின் இண்டிபென்டன்ஸ் ஊரிலிருந்து ஓரிகன் சிட்டிக்குச் சுமார் 3,200 கிலோமீட்டர். நல்ல நாளில் 24 கிலோமீட்டர் போகலாம். வகுத்துப் பார்த்தால் 133 நாள், ஆறு கடக்கவும் மாடு இளைப்பாறவும் சேர்த்தால் ஐந்து மாதம். ஜூலையில் கிளம்பினால் டிசம்பரில் மலைப்பனியில் மாட்டிக்கொள்வார்கள். 1846-ல் கலிபோர்னியா போன டானர் கூட்டம் தாமதமாகப் போய் சியரா நெவாடா மலையில் பனியில் சிக்கியது, 87 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் செத்தார்கள். அதற்காக மார்ச்சிலேயே கிளம்பவும் முடியாது, மாட்டுக்குப் புல் முளைத்திருக்காது. ஏப்ரல் கடைசி முதல் மே நடுப்பகுதிக்குள் ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை 4-ஐ ஒட்டி, இன்றைய வயோமிங்கில் இருக்கும் இண்டிபென்டன்ஸ் பாறையை எட்டிவிட்டால் கணக்கு சரியாகப் போகிறது என்று அவர்களே நிம்மதியாவார்கள்.

இப்போது சுமை. வண்டித் தொட்டி ஏறக்குறைய பத்தடி நீளம், நாலடி அகலம்தான், ஏற்றக்கூடியது ஒரு டன் சொச்சம். 1845-ல் வழிகாட்டி எழுதிய லான்ஸ்ஃபோர்ட் ஹேஸ்டிங்ஸ் ஓர் ஆளுக்குச் சொன்ன கணக்கு: மாவு 90 கிலோ, உப்புப்போட்ட பன்றி இறைச்சி 68 கிலோ, சர்க்கரை 9 கிலோ, காபியும் உப்பும் நாலரை நாலரை கிலோ. (டானர் கூட்டத்தைக் கெடுத்த குறுக்குவழியைப் பரிந்துரைத்தவரும் இதே ஆள்தான், ஆனால் சாப்பாட்டுக் கணக்கில் அவரை நம்பலாம்.) பெரியவர் மூன்று பேர், குழந்தைகளுக்குப் பாதி என்று போட்டாலே 700 கிலோ வந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் முந்நூறு சொச்சத்தில் கூடாரம், படுக்கை, பாத்திரம், கோடாரி, கலப்பை முனை, துப்பாக்கி, ஈயம், வண்டிக்கு மாற்று உதிரிகள் எல்லாம் அடங்க வேண்டும். ஐந்து பேர் எங்கே உட்காருவது?

அதனால்தான் நடந்தார்கள். நோயாளி, கைக்குழந்தை, பிரசவம் நெருங்கியவர் போன்ற சிலரைத் தவிர மற்ற எல்லாரும் அநேகமாக முழு வழியையும் நடந்தார்கள். வண்டிக்கு அதிர்வு தாங்கும் வில் (ஸ்பிரிங்) கிடையாது, உள்ளே உட்கார்ந்தால் குடல் குலுங்கும். பால் தூக்கைத் தொங்கவிட்டால் சாயங்காலத்துக்குள் வெண்ணெய் திரண்டுவிடும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கம் கூடாரத்திலோ வண்டிக்கடியிலோ. மரமில்லாத சமவெளியில் அடுப்பெரிக்கக் காட்டெருமைச் சாணம், வறட்டியாகவே காய்ந்து கிடக்கும், பெண்களும் குழந்தைகளும் நடந்துகொண்டே பொறுக்குவார்கள்.

ஒரு சின்னக் காட்சி இலவசமாகத் தருகிறேன். மேற்கே போகப் போகக் காற்று வறண்டு, சக்கரத்தின் மரம் சுருங்கி, இரும்புப் பட்டா லொடலொடக்க ஆரம்பிக்கும். தம்பி சாயங்காலம் சக்கரத்தைக் கழற்றி ஆற்றில் ஊறப்போடுகிறான், மரம் உப்பி இறுகட்டும் என்று. காலையில் பார்த்தால் இன்னும் ஓரிடத்தில் இடைவெளி, அதில் மர ஆப்பு அடிக்கிறான். வண்டிக்கடியில் தொங்கும் வாளியிலிருந்து கீலும் கொழுப்பும் கலந்த மசகை அச்சில் தடவுகிறான்.

உச்சக்கட்டத்துக்கு வருவோம். வரலாற்றாசிரியர் ஜான் அன்ரூ 1840 முதல் 1860 வரை எண்ணிப் பார்த்ததில், பூர்வகுடிகள் கையால் இறந்த பயணிகள் 362 பேர், பயணிகள் கையால் இறந்த பூர்வகுடிகள் 426 பேர். இருபது வருஷத்துக்கும், லட்சக்கணக்கானோர் போன பாதைக்கும் சேர்த்து. ஷொஷோனி என்ற பூர்வகுடி மக்கள் ஸ்நேக் ஆற்றோரம் பயணிகளுக்குச் சால்மன் மீன் விற்றார்கள். பல இடங்களில் ஆறு கடத்திவிட்டவர்களும் பூர்வகுடிகள்தான். வண்டிகளை வட்டமாக நிறுத்தியது பெரும்பாலும் மாடு ஓடிப்போகாமல் இருப்பதற்கான பட்டி. நிஜமான எமன் காலரா. 1850-ல் பாதை போகும் பிளாட் ஆற்றோரம் முழுக்க அதுதான், காலையில் நடந்து வந்தவன் ராத்திரிக்குள் போய்விடுவான், நரி தோண்டாமல் இருக்கப் புதைத்த இடத்தின் மேலேயே வண்டிகளை ஓட்டிப் போவார்கள். உங்கள் உச்சக்கட்டம் அங்கே இருக்கிறது.

இன்னொன்று, நீங்கள் தேர்ந்தெடுத்த வருஷம் அருமை. 1850 செப்டம்பர் கடைசியில், அதாவது உங்கள் குடும்பம் வழியில் இருக்கும்போதே, ஓரிகன் நிலச் சட்டம் கையெழுத்தானது. டிசம்பர் 1-க்குள் அங்கே இருக்கும் வெள்ளைக்காரத் தம்பதிக்கு 640 ஏக்கர், அதில் பாதி மனைவி பேரில், நாலு வருஷம் தங்கிப் பயிர்செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. அதற்குப் பிறகு வந்த தம்பதிக்குப் பாதிதான். அந்த நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதையும் கதையில் எங்காவது தொட்டுவிடுங்கள்.

பீரோவை மட்டும் எடுத்துவிடாதீர்கள். எழுநூறு கிலோ சாப்பாட்டின் மேல் அதையும் ஏற்றிக்கொண்டு அவள் கிளம்பட்டும். வழியில் வரும் லாரமி கோட்டையை ஒட்டி, மலையேற்றம் தொடங்கும் முன், மாடுகள் தளர்ந்துபோகும். பாதையோரம் இரும்படுப்பு, பெட்டி, நாற்காலி என்று முன்னால் போனவர்கள் இறக்கிவிட்டவை கிடக்கும். அங்கே அவள் அதை இறக்கி வைக்கட்டும். கதவைச் சாத்திவிட்டுப் போகிறாளா, திறந்தபடியே விட்டுவிடுகிறாளா என்பது உங்கள் பாடு.