லீவில் பார்த்துக்கொள்ளலாம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள மேடம்,

தாம்பரம் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் கோவில்பட்டி பக்கம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் வந்தவள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான்.

மாடல் எக்ஸாம் முடிந்த கையோடு சர்வே லேப் ரெக்கார்டு, வாட்டர் லேப் ரெக்கார்டு, இரண்டு அசைன்மென்ட், ஒரு செமினார், நான் முதல்வன் மதிப்பீடு எல்லாம் ஒரே சமயத்தில் வந்து விழுந்திருக்கின்றன. அடுத்த வாரம் பிராக்டிகல். அதற்கப்புறம் ஆறு தியரி. முதல் செமஸ்டர் கணக்கில் ஒரு அரியர் வேறு இருக்கிறது. ராத்திரி இரண்டு மணி வரை சீனியர் அக்காவின் ரெக்கார்டைப் பார்த்து எழுதுகிறேன். என்ன எழுதுகிறேன் என்றே தெரியவில்லை.

அம்மா ஃபோன் செய்தால் "அப்புறம் பேசுறேன்மா" என்று வைத்துவிடுகிறேன். வாசிக்க வேண்டிய புத்தகங்கள், பார்க்க வேண்டிய ஆட்கள், தூக்கம்கூட, எல்லாமே "லீவில் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஆகிவிட்டது. போன லீவில் தூங்கியும் ரீல்ஸ் பார்த்துமே நாள் போய்விட்டது. ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது அழுகை வந்தது. மற்றவர்கள் எல்லாம் சமாளிக்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் முடியவில்லை?

ம.

(பெயரையும் கல்லூரி விவரத்தையும் நீக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள ம.,

சில வருடங்கள் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்தியிருக்கிறேன். நவம்பர் மாதம் இரண்டாம் ஆண்டு வகுப்பறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பாதிப் பேர் கண் சிவந்து உட்கார்ந்திருப்பார்கள். கடைசி பெஞ்சில் ரெக்கார்டு ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் சொல்லும் அந்த "மற்றவர்கள்" சமாளிப்பதாக உங்களுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். அவர்களும் உங்களைப் பார்த்து அதையேதான் நினைக்கிறார்கள்.

இந்த நெருக்கடியில் பெரும்பகுதி உங்கள் சோம்பலால் வந்ததில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி தியரி தாளில் இன்டர்னலுக்கு 40, செமஸ்டர் தேர்வுக்கு 60. அந்த 40-க்குள் எழுத்துத் தேர்வு மட்டுமில்லாமல் அசைன்மென்ட், செமினார், சின்ன ப்ராஜெக்ட் எல்லாம் சேரும். ஆறு தாளுக்கும் ஆறு ஆசிரியர்கள். ஒருவர் கேட்டது இன்னொருவருக்குத் தெரியாது. ஆயுத பூஜை, தீபாவளி, மழை விடுமுறை, சிம்போசியம் என்று நாட்கள் போனபின், மதிப்பெண் ஏற்ற வேண்டிய கடைசித் தேதி எல்லோருக்கும் ஒன்றாக வந்து நிற்கும். அப்போது ஆறு பேரும் ஒரே வாரத்தில் கேட்பார்கள். இதை முன்கூட்டியே உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொள்ளும் துறைகளும் உண்டு, ஆனால் குறைவு. வீட்டில் கல்லூரி பார்த்தவர்கள் இருந்தால் "எல்லா செமஸ்டரும் இப்படித்தான்" என்று ஒரு அண்ணனோ அக்காவோ சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொல்ல ஆள் இல்லாததால் இது உங்கள் தனிப்பட்ட குறை என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். அந்த எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

சரி, ரெக்கார்டுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அதுதான். ஒரு தலைமுறை மாணவர்களின் தூக்கத்தை, அர்த்தமில்லாமல் பார்த்து எழுதுவதில் நாம் தின்றுகொண்டிருக்கிறோம். லேப் பாடத்தில் இன்டர்னலுக்குத்தான் 60 மதிப்பெண். ஆகவே எழுதாமல் இருக்க முடியாது. எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆனால் இரண்டு ரெக்கார்டிலும் சேர்த்து ஒரே ஒரு பரிசோதனையை மட்டும் சீனியரின் நோட்டை மூடிவைத்துவிட்டு, உங்கள் அப்சர்வேஷன் நோட்டில் இருக்கும் சொந்த ரீடிங்கை வைத்து எழுதுங்கள். நான், நிலத்தின் உயர வித்தியாசத்தை அளக்கும் லெவலிங்கைத் தேர்ந்தெடுப்பேன்.

ஏன் என்றால், லெவலிங் கணக்கில் ஒரு சரிபார்ப்பு உண்டு. பேக் சைட் (கருவியை ஓரிடத்தில் வைத்ததும் எடுக்கும் முதல் ரீடிங்) கூட்டுத்தொகையிலிருந்து ஃபோர் சைட் (அங்கிருந்து நகர்த்தும் முன் எடுக்கும் கடைசி ரீடிங்) கூட்டுத்தொகையைக் கழியுங்கள். கடைசிப் புள்ளியின் ரெட்யூஸ்டு லெவலிலிருந்து, அதாவது கணக்கிட்ட உயரத்திலிருந்து, முதல் புள்ளியுடையதைக் கழியுங்கள். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். சீனியர் ரெக்கார்டில் இது எப்போதும் அழகாக வந்திருக்கும். ஆனால் இந்தச் சரிபார்ப்பு கூட்டல் கழித்தல் பிழையை மட்டும்தான் காட்டும். அளவுகோலான ஸ்டாஃபில் 1.450 என்று இருந்ததை 1.540 என்று படித்திருந்தாலும் கணக்கு சரியாகவே வரும். களத்தில் நடந்த தவறு தெரிய வேண்டுமானால், தொடங்கிய பெஞ்ச் மார்க்குக்கே (உயரம் முன்பே தெரிந்த புள்ளி) திரும்பி வந்து, எத்தனை மில்லிமீட்டர் வித்தியாசம் என்று பார்க்க வேண்டும். இது உங்களுக்குப் புரிந்துவிட்டால் சர்வேயிங் தாளின் உயிர் புரிந்த மாதிரி. பிராக்டிகலுக்கு வரும் எக்ஸ்டர்னல் வைவாவில் சுற்றிச் சுற்றி இந்த இடத்தைத்தான் கேட்பார்.

நீங்கள் ரயிலில் கடந்துபோகும் பரங்கிமலையின் பக்கத்தில்தான் 1802-இல் வில்லியம் லாம்டன் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு அடிக்கோட்டை அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களாகப் பிரித்து அளந்த வேலை அங்கிருந்து தொடங்கியது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கோணம் அளக்கும் அவருடைய தியோடலைட்டை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதி வளைந்துபோனது. அரை டன் கனமுள்ள கருவி அது. இன்னொன்று வேண்டும் என்றால் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டும். அவர் கூடாரத்துக்குள் பல வாரம் உட்கார்ந்து, தானே அதை வட்டத்துக்குக் கொண்டுவந்து வேலையைத் தொடர்ந்தார். உங்கள் பாடத்திட்டத்தில் "ட்ரையாங்குலேஷன்" என்று இரண்டு மார்க் கேள்வியாக வருவதற்குப் பின்னால் இப்படி மனிதர்கள் இருக்கிறார்கள். ஒரு பாடத்தில் இந்த மாதிரி ஒரு பிடி கிடைத்துவிட்டால், மனப்பாடம் செய்ய வேண்டிய அளவே குறைந்துவிடும்.

நான் சொல்ல வருவது இதுதான். ஆறு தாளையும் முழுமையாகப் படிக்க இந்த மூன்று வாரம் போதாது. அப்படி முயன்றால் ஆறும் அரைகுறையாகும், உங்களுக்கு உங்கள் மேலேயே வெறுப்பு வரும். ஒரே ஒரு தாளை உங்களுடையதாக எடுத்துக்கொள்ளுங்கள். அது சர்வேயிங்காக இருக்கலாம், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸாக இருக்கலாம். அதை மட்டும் புரிந்து படியுங்கள். மற்ற ஐந்தையும் தேர்வுக்காகப் படியுங்கள், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். எட்டு செமஸ்டரில் செமஸ்டருக்கு ஒரு பாடம் உண்மையாகவே தெரிந்தவளாக வெளியே வந்தால், தொழிலில் உங்களுக்குத் தனி மரியாதை இருக்கும். எல்லாவற்றிலும் ஏ ப்ளஸ் வாங்கிவிட்டு சைட்டில் லெவல் எடுக்கத் தெரியாமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தேர்வுக்காகப் படிக்கும் ஐந்துக்கும் ஒரு வழி சொல்கிறேன். வினாத்தாள் அமைப்பு உங்களுக்கே தெரியும்: பத்து இரண்டு மார்க், ஐந்து பதின்மூன்று மார்க், ஒரு பதினைந்து மார்க். பதின்மூன்று மார்க் கேள்விகள் யூனிட்டுக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் இது அல்லது அது. ஆகவே ஹாஸ்டலில் சொல்வதுபோல இரண்டு யூனிட்டை அப்படியே விட்டுவிடுவது ஆபத்து. 26 மார்க் ஒரேயடியாகப் போகும், இரண்டு மார்க் கேள்விகளிலும் நான்கு கேள்வி போகும். எல்லா யூனிட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் என்பதுதான் பாதுகாப்பு.

ஜெராக்ஸ் கடை நோட்ஸைத் திரும்பத் திரும்ப வாசிக்காதீர்கள். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் நன்றாகச் செய்தார்கள். ஒரு முறை வாசித்துவிட்டு மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள், ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் அவர்களை முந்திவிட்டார்கள். ஆகவே ஒரு கேள்வியைப் படித்ததும் மூடுங்கள், வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள், வராத இடத்தை மட்டும் திறந்து பாருங்கள்.

தமிழ் வழியில் படித்து வந்த உங்களுக்கு இன்னொன்று. ஆங்கில வாக்கியத்தை அப்படியே நெட்டுருப் போடுவதுதான் உங்கள் நேரத்தை அதிகம் தின்கிறது என்று நினைக்கிறேன். முதலில் அறைத்தோழியிடம் தமிழில் விளக்குங்கள். கழிவுநீர் சுத்திகரிப்பில் ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் முறையில் காற்றை ஏன் உள்ளே விடுகிறார்கள், படிந்த சேற்றில் ஒரு பங்கை ஏன் திரும்பவும் தொட்டிக்கே அனுப்புகிறார்கள் என்று பேச்சுத்தமிழில் சொல்ல முடிந்தால், ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியமாக உங்களால் எழுத முடியும். படம் போட்டு, பாகங்களைக் குறியுங்கள். விடைத்தாள் திருத்துபவர் தேடுவது முக்கியமான புள்ளிகளை. ஆங்கில நடை அழகாக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

அரியர் தாளை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்திருப்பீர்கள். மாற்றுங்கள். தினமும் காலையில் முதல் முக்கால் மணி நேரம் அதற்கு. முதல் செமஸ்டர் கணக்கில் மேட்ரிக்ஸ் யூனிட்டில் ஐகன் வேல்யூ, கேலி-ஹாமில்டன், குவாட்ரட்டிக் ஃபார்மைக் குறைப்பது என்று கேள்வி வகைகள் எண்ணிவிடலாம். கையால் போட்டுப் போட்டுப் பழகினால் அந்த யூனிட் உங்களைக் கைவிடாது. தேர்வில் நூற்றுக்கு 45 எடுக்க வேண்டும், இன்டர்னலோடு சேர்த்து 50 வர வேண்டும். எட்டிப்பிடிக்கக்கூடியதுதான்.

தூக்கத்தை லீவுக்குத் தள்ளாதீர்கள். படித்தது மூளையில் நிலைக்கத் தூக்கம் வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குப் பார்த்து எழுதும் ரெக்கார்டைச் சாயங்காலம் மெஸ்ஸுக்குப் போவதற்கு முன் எழுதுங்கள், அதற்கு மூளை வேண்டியதில்லை. பதினொன்றரைக்கு விளக்கை அணைத்துவிடுங்கள்.

அம்மாவிடம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து நிமிடம் பேசுங்கள், தினமும். "அப்புறம்" என்று வைக்கப்படும் ஃபோனுக்குப் பிறகு அங்கே அவர் என்னவெல்லாம் நினைத்துக் கவலைப்படுவார் என்று உங்களுக்கே தெரியும். ரெக்கார்டு, அரியர் என்றால் என்ன என்று அவருக்கும் சொல்லுங்கள். மகள் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று தெரிந்தால் அவருக்கும் பாரம் குறையும்.

ஊருக்குப் போகிற டிக்கெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் கடைசி இரண்டு தேர்வை இந்தக் கவலையே கெடுத்துவிடும். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. கால அட்டவணையோ பல சமயம் அதற்குப் பிறகுதான் கையில் கிடைக்கும். இது மழைக்காலம் வேறு. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தேர்வுகள் தள்ளிப்போயின, எடுத்த டிக்கெட் எல்லாம் வீணானது. முத்துநகர் எக்ஸ்பிரஸிலோ நெல்லை எக்ஸ்பிரஸிலோ இடம் கிடைக்காவிட்டால் தட்கல் பாருங்கள். ஸ்லீப்பர் தட்கல் முந்தைய நாள் காலை பதினொரு மணிக்குத் திறக்கும். அந்த நேரம் நீங்கள் தேர்வறையில் இருக்கலாம். ஊரில் தம்பியிடமோ பக்கத்து வீட்டு அண்ணனிடமோ இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள். அதுவும் இல்லை என்றால் கிளாம்பாக்கத்திலிருந்து அரசுப் பேருந்து இருக்கிறது.

லீவைப் பற்றி. போன முறை தூங்கியதற்காக வருந்தவே வேண்டாம். மாதக்கணக்கில் பாக்கி வைத்த தூக்கம் அது, உடம்பு வசூலித்துக்கொண்டது. இந்த முறையும் முதல் சில நாள் தூங்குங்கள். அப்புறம், லீவுக்கு என்று வைத்திருக்கும் பட்டியலைக் கிழித்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட பட்டியலைப் பார்த்தாலே கை தானாக ஃபோனுக்குப் போகும்.

என்னைக் கேட்டால், அப்பாவைக் கூட்டிக்கொண்டு உங்கள் ஊர்க் கண்மாய்க்குப் போய் வாருங்கள். டிசம்பரில் தண்ணீர் கிடக்கும். உபரித் தண்ணீர் வழியும் கலிங்கு எந்த உயரத்தில் இருக்கிறது, மடை எவ்வளவு கீழே இருக்கிறது, கலிங்கை ஒரு முழம் உயர்த்தினால் எந்தெந்தப் புஞ்சை முழுகும் என்று நீர்பாய்ச்சியிடம் கேளுங்கள். லெவல் கருவி இல்லாத காலத்தில் இதை எப்படித் தீர்மானித்திருப்பார்கள் என்று யோசியுங்கள். கரிசலில் வெடித்துக் கிடந்த வெடிப்பெல்லாம் மழைக்குப் பின் மூடியிருக்கும். அந்த மண் ஊதிச் சுருங்குவதால்தான் உங்கள் பக்கத்து வீடுகளில் சுவர் விரிசல் விடுகிறது. மூன்றாம் ஆண்டில் அஸ்திவாரம் பற்றிப் படிக்கும்போது வகுப்பில் உங்களுக்குத் தெரிந்திருக்கும், மற்றவர்களுக்குப் படத்தில்தான் தெரியும்.

பிராக்டிகலுக்கு முன் லெவலிங்கில் எந்தச் சந்தேகம் வந்தாலும் எழுதுங்கள். உங்கள் ரீடிங் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால் போதும், அன்றைக்கே பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்.